மூன்றாவது எண்

மாதாந்திர ஆய்வுக் கூட்டம் ஒன்றில் ஒரு மூத்த மருத்துவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "சிஸ்டர், நீங்க அளந்து மட்டும் கொடுங்க. என்ன நோய், எத்தனை மில்லிகிராம் மாத்திரைங்கிறதை நாங்க பார்த்துக்கிறோம்." கோபமாகச் சொல்லவில்லை. எங்கள் சுமையைக் குறைப்பதாக நினைத்துத்தான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம், டீ வந்தது, பேச்சு தடுப்பூசிக் கணக்குக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்த வாக்கியம் பஸ்ஸில் கூடவே ஏறி வந்தது. சட்டப்படி அவர் சொன்னது சரிதான். துணை சுகாதார நிலையத்தில் நர்சாக உட்கார்ந்திருக்கும் நான் புதிதாக ஒரு பிரஷர் மாத்திரையைத் தொடங்கவோ, இருப்பதைக் கூட்டிக் குறைக்கவோ முடியாது. டாக்டர் எழுதியதைத் தொடர்ந்து கொடுக்கலாம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், சோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை, அவ்வளவுதான் என் எல்லை. அந்த எல்லையில் எனக்கு வருத்தம் கிடையாது. உறுத்தியது 'அளந்து மட்டும்' என்றதுதான். எண் என்னவோ நோயாளியின் கையில் தயாராக உட்கார்ந்திருப்பது போலவும், அதை எடுத்து வந்து அவர் மேஜையில் வைப்பது மட்டும் எங்கள் வேலை போலவும்.

சளிப் பிடித்த குழந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். "நெஞ்சு பூரா சளிங்க, ஒரு ஊசி போட்டு விடுங்க" என்றுதான் அம்மா பேச ஆரம்பிப்பார். சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் ஏமாற்றிவிடும், பிள்ளைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. அழுதால் எண்ணக் கூடாது. பால் குடித்து அடங்கி மடியில் கிடக்கும்போது எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே இருந்து, விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்காமலும் இருந்தால் சாதாரணச் சளி, ஆன்டிபயாடிக் வேண்டாம். எக்ஸ்ரே கிடையாது, ஸ்டெதஸ்கோப் கூட அவசியமில்லை. அந்த ஒரு நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தவர் யாரோ அவர்தான் அந்த நோயைக் கண்டுபிடித்தவர். அழுகிற பிள்ளையிடம் அவசரமாக எண்ணிய 58-ஐ எழுதிக் கொடுத்தால், அதை வைத்து எவ்வளவு பெரிய மருத்துவர் முடிவெடுத்தாலும் அது தப்பான முடிவாகத்தான் இருக்கும்.

ஆனால் எனக்கு இதைத் தெளிவாகக் காட்டிக் கொடுத்தது குழந்தை இல்லை. எழுபதைத் தாண்டிய ஒரு அப்பத்தா.

அப்பத்தாவின் இரண்டு பிரஷர்

பெயர் வேண்டாம், அப்பத்தா என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் எல்லா அப்பத்தாக்களுக்கும் இருக்கிற மாதிரி இவருக்கும் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து நடப்பதுதான் இவருக்கும் நடந்தது. தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். இடையிடையே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து டாக்டரைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அப்பத்தாவின் நோட்டில் இரண்டு விதமான கையெழுத்து இருந்தது. ஒன்று தன்னார்வலருடையது: 112/70, 110/66, 116/72. இன்னொன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டது: 168/96, 172/94. இரண்டும் ஒரே ஆளுடைய ரத்தக்குழாய்தான் என்று நம்பவே முடியாது. இந்த மாதிரி முரண்பட்டால் பெரிய இடத்து எண்ணைத்தான் எல்லாரும் நம்புவார்கள். தன்னார்வலரே அப்படித்தான் நம்பினார். "என் மெஷின்லதான் கோளாறுக்கா" என்று சொல்லி, கைக்காசைப் போட்டு பேட்டரி வேறு மாற்றியிருந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு முறையும் 170-ஐப் பார்த்த டாக்டர்கள் என்ன செய்வார்கள்? செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். முதலில் அட்டினலால் 50, எனலாப்ரில் 5 காலையும் இரவும். அடங்கவில்லை என்றதும் அம்லோடிபின் 5 சேர்ந்தது. அப்புறம் அது 10 ஆனது. நெறிமுறையில் அப்படித்தான் இருக்கிறது: இலக்கை எட்டவில்லையா, ஒரு படி ஏற்று.

அப்பத்தா என்னிடம் வந்தது பிரஷருக்காக இல்லை. "தாயி, விடியக்காலம் எந்திரிச்சா கிறுகிறுன்னு வருது. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன். காலு வேற அதைச்சுக் கெடக்கு" என்றார். கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன், குழி விழுந்தது. கிறுகிறுப்பு என்று சொல்லி வருகிறவர்களுக்கு நூறு காரணம் இருக்கும். சுகர் இறங்கியிருக்கலாம், சோகை இருக்கலாம், காது இருக்கலாம், கழுத்தெலும்பு என்று அவரவரே தீர்ப்பு எழுதிக்கொண்டும் வருவார்கள். சுகர் பார்த்தேன், இறங்கவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு இல்லை. பிரஷர் 114/68.

உட்கார வைத்துப் பார்த்ததோடு விட்டிருந்தால் 'நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதி அனுப்பியிருக்கலாம். எந்திரிக்கும்போது வருகிறது என்று அவர் சொன்னதால் எழுப்பி நிற்க வைத்தேன். ஒரு நிமிடத்தில் 90/58. மூன்று நிமிடம் நின்ற பிறகும் 92-க்கு மேல் ஏறவில்லை. நின்றால் மேல் எண் 20 குறைவதே எச்சரிக்கை, இவருக்கு அதற்கு மேலேயே இறங்கியது. அதாவது மாத்திரை போதவில்லை என்று கூட்டிக்கொண்டே போகிறோம், அப்பத்தாவின் உடம்போ மாத்திரை அதிகம் என்று சுவரைப் பிடிக்கிறது. கால் வீக்கத்துக்கும் அம்லோடிபின் 10-க்கும் சம்பந்தம் இருக்கலாம், அது தெரிந்த விஷயம். தன்னார்வலரின் மெஷினை என் கையிலேயே கட்டி, என் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒத்துப்போனது. பாவம், பேட்டரிக்குக் கொடுத்த காசு தண்டம்.

அப்படியானால் அங்கே ஏன் 170? வெள்ளைக் கோட்டைப் பார்த்த பயம் என்று சொல்லிவிடலாம். அதுவும் உண்மையாக நடப்பதுதான். பஸ்ஸில் இடித்துக்கொண்டு வந்தது, வரிசையில் நின்றது, பேசிக்கொண்டே கையை நீட்டியது, ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது எல்லாமே எண்ணை ஏற்றும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஐந்து நிமிடம் வாய் பேசாமல் உட்கார வேண்டும் என்று பாடத்தில் எழுதியிருக்கிறது. சந்தைக் கூட்டம் மாதிரி இருக்கிற காலை நேரத்தில் அந்த ஐந்து நிமிடத்தை எங்கே தேடுவது?

அடுத்த பரிசோதனை நாளில் எனக்கும் அங்கே வேலை இருந்தது. அப்பத்தாவைக் கூட்டத்திலிருந்து தனியே கூட்டிப் போய், கழிப்பறைக்கு அனுப்பி, சாய்ந்து உட்கார வைத்து, வாயைத் திறக்கவிடாமல் பத்து நிமிடம் காத்திருந்தேன் (அப்பத்தாவைப் பேசவிடாமல் வைத்திருப்பது சாதாரண விஷயமில்லை). அப்புறம் பார்த்தால் 164/94. பயமும் இல்லை, ஓட்டமும் இல்லை, எண் இறங்கவும் இல்லை. எழுதிவிட்டு பட்டையைக் கழற்றப் போனபோதுதான் மெஷினில் மூன்றாவதாக மினுக்கிய எண் கண்ணில் பட்டது. நாடி, 96.

டிஜிட்டல் மெஷின் மூன்று எண் காட்டும். மேல் எண், கீழ் எண், நாடி. எங்கள் பதிவேட்டில் பிரஷருக்கு ஒரு கட்டம், சுகருக்கு ஒரு கட்டம் உண்டு, நாடிக்குக் கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத எண்ணை யாரும் பார்ப்பதில்லை. தன்னார்வலர் மட்டும், மெஷின் காட்டியதை விடாமல் எழுத வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நோட்டின் ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்திருந்தார்: 58, 60, 62. அட்டினலால் சாப்பிடுகிறவரின் இதயம் அப்படித்தான் நிதானமாகத் துடிக்கும். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிற அதே அப்பத்தாவுக்கு 96 என்றால், காய்ச்சலும் இல்லை, ரத்தப்போக்கும் இல்லை என்றால், அந்த மருந்து இன்றைக்கு அவர் உடம்பில் சரியாக இல்லை என்று அர்த்தம்.

"அப்பத்தா, இன்னிக்கு மாத்திரை போட்டாச்சா?"

"வெறும் வயித்துல வரச் சொன்னாகளே தாயி. பச்சைத் தண்ணி பல்லுல படலை."

"நேத்து ராத்திரி?"

"ராத்திரி சோறே திங்கலையே. விடிஞ்சா ரத்தம் எடுக்கணும், சக்கரை கூடக் காமிச்சிரும்னு வெறும் மோரைக் குடிச்சிட்டுப் படுத்தேன். சாப்பாட்டுக்குப் பின்னாடி போடுற மாத்திரையைச் சாப்பிடாம எப்படிப் போடுறது?"

இதில் எந்த இடத்தில் தப்பு சொல்ல முடியும்? சாப்பாட்டுக்குப் பின் என்று சொன்னோம், வெறும் வயிறு என்றும் சொன்னோம். இரண்டையும் ஒரே நாளில் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் வருகிற விடை இதுதான். மாதம் முழுக்க ஒழுங்காக மாத்திரை போடுகிற பெண்ணை, அவர் மாத்திரை போடாத ஒரே நாளில் அளந்து, அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டியிருக்கிறோம். கூட்டியது மற்ற நாட்களில் போய் வேலை செய்திருக்கிறது. அம்லோடிபின் ஒருவேளை விட்டாலும் உடம்பில் தங்கும். எனலாப்ரிலும் அட்டினலாலும் அப்படியில்லை. அதிலும் அட்டினலாலைத் திடீரென்று நிறுத்துவது, இதயநோய் உள்ளவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம்.

அன்றைக்குப் பணியில் இருந்தவர் இளம் மருத்துவர். சொன்னதும் அவர் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை, நோட்டை வாங்கி ஓரத்து எண்களைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களிடம் அவரே கேட்டார், "காலையில மாத்திரை போட்டுட்டு வந்தவங்க யாரு?" பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. வெறும் வயிற்றில் வரச் சொல்லிவிட்டு இதென்ன கேள்வி?

வெறும் வயிறு

அதற்கப்புறம் நாங்கள் சொல்கிற வாக்கியத்தை மாற்றினோம். ரத்தம் கொடுக்க வருகிற அன்று பிரஷர் மாத்திரையை வழக்கமான நேரத்தில் இரண்டு வாய் தண்ணீரோடு போட்டுவிட வேண்டும். சுகர் மாத்திரையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வர வேண்டும், ரத்தம் எடுத்த பிறகு சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். சாப்பிடாமல் சுகர் மாத்திரை போட்டால் சுகர் இறங்கி மயக்கம் வரலாம், அதனால் எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் சிக்கல். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே காகிதக் கவரில். பேர் படிக்கத் தெரியாதவரிடம் போய் எனலாப்ரில், மெட்பார்மின் என்று சொல்லி என்ன பிரயோஜனம்? இப்போது பிரஷர் மாத்திரை அட்டையின் மேல் சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டுக் கொடுக்கிறோம். "செவப்புக் கோடு எப்பவும் உண்டு" என்பது எங்கள் ஊர் நெறிமுறை.

முந்தின நாள் சோறு குறைத்துவிட்டு வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிற பையன் மாதிரி, ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் எல்லாரும் நல்ல பிள்ளையாகிவிடுகிறார்கள். காலை சுகர் 118 என்று வரும், கால் விரல் இடுக்கிலோ ஆறாத புண் இருக்கும். அந்த 118-ஐ நம்பவா, புண்ணை நம்பவா?

கர்ப்பிணிகள் விஷயத்தில் இந்தச் சிக்கலை ஒரு பெரிய மருத்துவர் வெகு அழகாகக் கடந்து போயிருக்கிறார் என்பது இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னையில் இருந்த மருத்துவர் வி. சேஷையா. கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்க வேண்டாம், வந்த கையோடு 75 கிராம் குளுக்கோஸ் கொடு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடு, 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று வைத்துக்கொள் என்றார். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறி வா என்றால் மசக்கைக்காரி வரமாட்டாள், இன்னொரு நாள் வா என்றால் அதற்கும் வரமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று தமிழ்நாடு ஆணை போட்டது. குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கிறவர்களைச் சமாளிப்பது தனிக்கதை. ஆனால் வருகிறவளின் வாழ்க்கைக்குத் தக்கபடி பரிசோதனையை வளைத்தார் பாருங்கள், அந்த யோசனை பிரஷர் நாளில் எங்களுக்கு ஏன் வரவில்லை?

சோகைக்கும் இதே கதைதான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது என்றால், அடுத்து ஊசி வழியாக ஏற்றலாமா என்று யோசிப்பதற்கு முன்னால் மாத்திரையை எதோடு முழுங்குகிறாள் என்று கேட்க வேண்டும். டீயோடு முழுங்கினால் சத்து உள்ளே சரியாகச் சேராது. மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டால், போடுகிறாளா இல்லையா என்பதே பெரும்பாலும் தெரிந்துவிடும். மாமியார் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டும், அது முக்கியம்.

எனக்கு என்ன வேண்டும்

இங்கிலாந்தில் 2006-லிருந்து, தகுந்த பயிற்சி முடித்த நர்சுகள் தங்கள் திறமைக்கு உட்பட்ட கிட்டத்தட்ட எல்லா மருந்தையும் தாங்களே எழுதலாம். அங்கே வேலைக்குப் போன என் தோழி ஒருத்தி, ஆஸ்துமா, பிரஷர், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் நர்சே பார்த்து நர்சே எழுதி அனுப்புகிறார் என்று போனில் பெருமையாகச் சொல்வாள். இங்கே 2019-இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு வரையறைக்குட்பட்ட உரிமம் கொடுக்கலாம் என்றபோது மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். போலி மருத்துவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதாகச் சொன்னார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். சளிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுப் பிழைக்கிறவர்களை எங்கள் சந்தைத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

என்னைக் கேட்டால் மருந்து எழுதும் அதிகாரம் எனக்கு இப்போதைக்கு வேண்டாம். அதைவிடச் சின்னது ஒன்று போதும். 'இந்த எண்ணை நம்ப வேண்டாம், இரண்டு வாரத்தில் மாத்திரை போட்டுவிட்டு வரச் சொல்லி மறுபடி அளக்கிறேன், அதுவரை மாத்திரையைக் கூட்ட வேண்டாம்' என்று நோட்டில் எழுதுகிற உரிமை. எழுதினால் அதற்கு ஒரு மதிப்பு இருக்க வேண்டும்.

நடக்காத காரியமில்லை. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்ட'த்தைப் பாருங்கள். காசநோய் என்று உறுதியானதும், ஆள் எவ்வளவு மோசமாக இருக்கிறார் என்பதை லேப்பின் கையை எதிர்பார்க்காமல் அங்கிருக்கிற பணியாளரே பார்க்கிறார். உயரம், எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. இவற்றில் அபாயம் தெரிந்தால் உடனே மேல்மதிப்பீட்டுக்கும் படுக்கைக்கும் அனுப்ப வேண்டும். பிடிமானம் இல்லாமல் நிற்கிறாரா என்பதைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். அந்தக் கண்ணை அங்கே நம்புகிறார்கள், அதன் பேரில் படுக்கை கிடைக்கிறது. பிரஷருக்கு மட்டும் ஏன் நான் 'அளந்து மட்டும்' கொடுக்க வேண்டும்?

இன்னொரு கூட்டத்தில் அந்த மூத்த மருத்துவரிடமே இதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, நன்றாகவே யோசித்துப் பதில் சொன்னார். "மாத்திரையை ஏத்தாம இழுத்தடிச்சு, பக்கவாதத்துல விழுந்தவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன் சிஸ்டர். ஒவ்வொருத்தருக்கும் சந்தேகத்தோட பலனைக் கொடுத்துட்டே போனா யாருக்கும் மருந்து ஏறாது." இதில் நியாயம் இருக்கிறது, மறுக்க முடியாது. பிரஷர் அதிகமாக இருந்தும் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுவது இங்கே பெரிய வியாதிதான். அதனால்தான் இரண்டு வாரம் என்று கெடு வைக்கிறேன். 180/110-க்கு மேலே போனால், அல்லது நெஞ்சுவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போதல் என்று ஏதாவது இருந்தால் எந்தக் கேள்வியும் இல்லாமல் அன்றைக்கே டாக்டர்தான். மற்றவர்களுக்கு முதல் கேள்வி, மாத்திரை போட்டீர்களா, எத்தனை மணிக்கு. அவர் 'பார்ப்போம்' என்றார். எங்கள் துறையில் 'பார்ப்போம்' என்பது நல்ல பதில்.

அப்பத்தாவுக்கு அம்லோடிபின் 5-க்கு இறங்கியது. அடுத்த முறை சிவப்புக் கோட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார், 136/82, நாடி 64. கால் வீக்கம் வடிந்துவிட்டது. கிறுகிறுப்பு முழுசாகப் போனதா என்று கேட்டால், "இருக்கு, ஆனா சுவரு வேணாம்" என்கிறார். படுக்கையிலிருந்து எந்திரித்ததும் இரண்டு நிமிடம் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டு நடங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மாடு கத்தினால் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்?

பதிவேட்டில் நாடிக்கும் 'இன்று மாத்திரை போட்டாரா' என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். அச்சடித்து வருவதில் கை வைக்க முடியாது என்றார்கள். ஸ்கேல் வைத்து ஓரத்தில் நாங்களே கோடு போட்டுக்கொண்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற தங்கச்சி நர்ஸ் இதற்குச் சண்டை போட்டாள், "அக்கா, இருக்கிற கூட்டத்துக்கு ரெண்டு கட்டம் நிரப்புறதே பெரும்பாடு." அதுவும் உண்மை. சீட்டு போட்டவுடன் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு ஒவ்வொரு ஆளாக வரிசையாக அழைத்தால் ஐந்து நிமிட ஓய்வு தானாக அமைந்துவிடும் என்றேன். உட்கார வைக்கப் போனால் பெஞ்சுகளுக்கு முதுகு கிடையாது, முதுகு உள்ள நாற்காலி டாக்டர் அறையில் மட்டும்தான். கடைசியில் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு மட்டுமாவது, கையிருப்பு நிதியில் கை வைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். தணிக்கைக்கு என்ன காரணம் எழுதுவது என்று கிராம சுகாதார செவிலியர் அக்கா கேட்டார். "பி.பி. மெஷினோட உதிரிப் பாகம்னு எழுதுங்கக்கா" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.